போகும்போது தயங்கும் ஒளி

நில அளவையர் தம் மனைவியிடம் ஒரு பெரிய பொய் சொல்வது என்று முடிவு செய்தார்.

சின்னப் பொய்களில் அவருக்கு நல்ல அனுபவம் உண்டு. அவற்றில் ஒன்றுகூட மதியச் சாப்பாடு வரை தாங்கியதில்லை. அதனால்தான் இந்தத் தடவை பெரியதாகவே இருக்கட்டும் என்று தீர்மானித்தார். சின்னப் பொட்டலத்தை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்ப்பார்கள். பெரிய மூட்டையை யாரும் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

பொய் இதுதான்: வெளியூரில் ஒரு கருத்தரங்கம்.

உண்மை இதுதான்: அவருடைய வலது நுரையீரலில் ஒரு கட்டி.

கருத்தரங்கம் என்ற பொய் அவருக்குப் பொருத்தமானதுதான். நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் ஒளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மனைவியும் அதே துறையில், அதே பதவியிலிருந்து ஓய்வு பெற்றவள்தான். அவள் ஓய்வு பெற்றதும் ஓய்வெடுத்தாள். அவர் ஓய்வு பெற்றதும் ஐன்ஸ்டீனைத் திருத்தப் புறப்பட்டார்.

விஷயம் என்னவென்றால், தூரம் அளக்கும் கருவி ஓர் ஒளியை அனுப்பும். எதிர்முனையில் ஒரு கம்பு; கம்பின் உச்சியில் பிரிசம் என்கிற கண்ணாடி. ஒளி அதில் பட்டுத் திரும்பி வரும். போய் வந்த மொத்த நேரத்தைக் கருவி பார்க்கும். அதை இரண்டால் வகுக்கும். இந்த வகுத்தல்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"போக எவ்வளவு நேரம், வர எவ்வளவு நேரம் என்று யாராவது தனித்தனியாகப் பார்த்தார்களா?" என்று கேட்பார். "மொத்தம்தான் தெரியும். பாதி பாதி என்பது நாமாக வைத்துக்கொண்டது. ஐன்ஸ்டீனும் அப்படித்தான் வைத்துக்கொண்டார். பாதிக்குப் பதில் வேறு பங்கு போட்டாலும் எந்த அளவும் கெடாது."

இதுவரை அவர் சொன்னதில் தவறில்லை. படித்தவர்களும் ஒப்புக்கொள்கிற விஷயம்தான் இது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எந்தப் பங்கு உண்மை என்பதே தமக்குத் தெரியும் என்றார். ஒளி புறப்பட்ட இடத்திலிருந்து போகும்போது தயங்கித் தயங்கிப் போகிறது. திரும்பும்போது ஒரே ஓட்டமாக ஓடி வருகிறது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் போல. இதுதான் அவருடைய கொள்கை. பக்கம் பக்கமாகக் கணிதம் எழுதி வைத்திருந்தார்.

இந்தக் கொள்கையைக் கேட்க இந்த உலகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பல் டாக்டர். ஓடுகிற வண்டியிலிருந்து எறிந்த பந்து போல, ஒளியும் வண்டியின் வேகத்தைச் சேர்த்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. இன்னொருவர் ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். நெடுந்தூரம் வந்தால் ஒளிக்கும் களைப்பு வரும் என்பது அவர் கட்சி. மூவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தின் பின்னறையில் கூடுவார்கள். ஐன்ஸ்டீன் தவறு என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. மற்ற இருவரும் அதைவிடத் தவறு என்பதிலும் ஒரே கருத்து.

அந்தப் பல் டாக்டர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிசயமாகச் சொன்னார்: "எனக்குத் தெரிஞ்ச நெஞ்சு டாக்டர் ஒருத்தர் இருக்கார். உங்க கொள்கையைக் கேக்கணும்னு துடிக்கறார்."

அளவையரை ஒரு வாக்கியம்கூட முடிக்கவிடாத மனிதர் அவர். அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பாராட்டு வாசலில் வந்து நிற்கும்போது அதை அனுப்பி வைத்தது யார் என்று யாரும் விசாரிப்பதில்லை. மறுநாளே போனார்.

நெஞ்சு டாக்டர் மிகுந்த மரியாதையோடு உட்கார வைத்தார். "சட்டையைக் கழட்டிட்டுச் சொல்லுங்க சார். அப்பதான் நல்லா கேக்கும்."

"ஒளியானது போகும்போது..."

"நல்லா மூச்சை இழுத்துட்டுச் சொல்லுங்க."

"...தயங்கித் தயங்கி..."

"இருமுங்க."

இருமினார். இரும ஆரம்பித்தால் நிறுத்துவது சில மாதங்களாகவே அவர் கையில் இல்லை. டாக்டர் முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். இத்தனை பொறுமையாக ஒருவர் கேட்டு அளவையர் பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது.

"சார், உங்க கொள்கை ஒரு இடத்துல ரொம்பச் சரி."

"எந்த இடத்துல?"

"உங்க நெஞ்சுல. உள்ளே போற மூச்சுக்கு ஒரு நேரம், வெளிய வர்ற மூச்சுக்கு வேற நேரம். இவ்வளவு வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்."

படம் எடுத்தார்கள். ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். பிறகு அறுவை மருத்துவர் ஒருவர் வந்து, "வலது நுரையீரல்ல பாதியை எடுக்கணும்" என்றார்.

அளவையர் நிமிர்ந்தார். "பாதின்னு யார் சார் முடிவு பண்ணது?"

"கட்டி" என்றார் மருத்துவர்.



செத்துப்போவது பற்றி அவர் அதிகம் யோசிக்கவில்லை. மனைவியிடம் சொல்வது பற்றித்தான் யோசித்தார். அவளுடைய தம்பி ஒரு மருத்துவமனைக்குள் நடந்து போனான்; நடந்து திரும்பவில்லை. அதிலிருந்து மருத்துவமனை இருக்கிற தெருவில்கூட அவள் கால் வைப்பதில்லை. பேருந்து அந்தப் பக்கம் திரும்பினால் கண்ணை மூடிக்கொள்வாள். கட்டி என்று சொன்னால் அவள் அங்கேயே உடைந்து போவாள் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. அதனால் சொல்லக் கூடாது. போய், அறுத்துக்கொண்டு, ஆறி, திரும்பி வர வேண்டும். மூச்சு வாங்கினால் கருத்தரங்கில் அதிகம் பேசிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

திரும்பி வராவிட்டால்? அப்போது பொய் சொல்ல வேண்டிய கஷ்டம் தமக்கு இருக்காது என்று நினைத்தார். அந்த நினைப்பு ஆறுதலாக இல்லை.

மருத்துவமனையில் துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். ரயில் ஓட்டுநரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அவரும், "வேற யார் இருக்கா, நான்தானே?" என்று பெருமூச்சு விட்டபடி ஒப்புக்கொண்டார்.

எல்லாம் தயார். இனி பொய்தான் பாக்கி.

மனைவி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அளவையர் வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமினார். செருமல் இருமலாகி ஒருவழியாக அடங்கியது.

"என்னங்க, நின்னுட்டே இருக்கீங்க?"

"ஒரு கருத்தரங்கம்."

"எங்க?"

"வெளியூர்ல."

"எதைப் பத்தி?"

"ஒளிச் சைகைப் பயணத்துக்கு மாற்றுக் கணித மாதிரிகள்."

"யார் யார் வர்றாங்க?"

"உலகத்துல ஒளியைப் பத்தி வேற மாதிரி யோசிக்கற எல்லாரும்."

"ஒரே கார்ல வந்துடுவாங்களே."

"கிண்டல் பண்ணாத."

"கிண்டல் இல்லைங்க. ஒரே கார்ல ஏத்தினா உயிரோட இறங்கவும் மாட்டாங்க. எத்தனை நாளாம்?"

"ஒரு வாரம். கூடவும் ஆகலாம்."

"உங்க கொள்கையைக் கேக்கவா ஒரு வாரம்?"

"கேள்வி நேரமும் உண்டு."

"கேள்வி கேட்டா உங்களுக்குக் கோவம் வருமே."

"இந்தத் தடவை வராது. அவங்க என்ன செஞ்சாலும் பேசாம இருந்துடுவேன்."

கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு வெங்காயம் தொடர்ந்தது. வெங்காயம் நறுக்கினால் யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். ஆகவே அளவையர் எதையும் கவனிக்கவில்லை.

"நானும் வரட்டுமா?"

அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். "வேண்டாம், வேண்டாம். தங்கற இடம் சரியில்லையாம். சாப்பாடும் மட்டமாம். வர்றவங்கள்லாம் படுத்தே கெடப்பாங்களாம்."

"கருத்தரங்கத்துலயா?"

"களைப்புல."

"சரி" என்றாள் அவள். "போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். பொய் செல்லுபடியாகிவிட்டது. முதல் முறையாக ஜெயித்த மகிழ்ச்சியில் அளவையர் கூடத்துக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் லேசாக ஒரு வருத்தம் வந்தது. இவ்வளவு சுலபமாக நம்பியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

பெட்டியை அவளே கட்டினாள். "நான் கட்டிக்கறேனே" என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"நீங்க கட்டின பெட்டில போன தடவை புத்தகமா இருந்துது. நடுவுல ஒத்தைக் காலுறை."

மூடிப் பூட்டிச் சாவியை அவர் சட்டைப் பையில் போட்டாள். வாசலில் அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் சரி செய்தாள். கையை எடுக்கக் கொஞ்சம் நேரமானது.

"போன உடனே ஃபோன் பண்ணுங்க."

"பண்றேன்."

மருத்துவமனையில் அவருக்கு ஜன்னலோரப் படுக்கை கிடைத்தது. சுவரில் ஒரு ஒலிபெருக்கி. பக்கத்தில் ஒரு இரும்பு அலமாரி. ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர். அந்தச் சுவரைப் பார்ப்பதற்காக யாரோ அக்கறையோடு ஜன்னல் வைத்திருந்தார்கள். அளவையர் பெட்டியைப் படுக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு மனைவிக்கு ஃபோன் செய்தார்.

"வந்து சேந்துட்டேன்."

"எப்படி இருக்கு?"

"பிரமாதம். பெரிய கட்டடம். எல்லாரும் வெள்ளை உடுப்புல இருக்காங்க."

"வெள்ளை உடுப்பா?"

"வெயில் அதிகம்."

"உங்க கொள்கையைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"ஒருத்தர்கூடச் சண்டை போடலையா?"

"இல்ல."

"அப்ப அது கருத்தரங்கமே இல்லைங்க."

அந்த நேரம் பார்த்துச் சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. "அறுவை அரங்குக்கு ஒரு சக்கர நாற்காலி. அறுவை அரங்குக்கு ஒரு சக்கர நாற்காலி." அளவையர் அவசரமாக இருமினார்.

"என்னங்க சத்தம்?"

"மேடைக்கு நாற்காலி போதலையாம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒலிபெருக்கி மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை அவர் ஒன்றைக் கவனித்தார். காதில் ஒருமுறை கேட்ட அறிவிப்பு, சற்றே பின்தங்கி, ஃபோனுக்குள்ளிருந்தும் கேட்டது. அதே குரல், அதே சக்கர நாற்காலி.

வேறு எந்தக் கணவனாக இருந்தாலும் அந்தக் கணமே எழுந்து, மனைவி எங்கே இருக்கிறாள் என்று மாடிப்படியை எட்டிப் பார்த்திருப்பான். அளவையர் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்தது.

"கேட்டியா? எதிரொலி!"

"என்னது?"

"இங்கேருந்து சத்தம் ஃபோன்ல புறப்பட்டு, நம்ம வீட்டுக்கு வந்து, உன் ஃபோன்ல ஒலிச்சு, திரும்ப என்கிட்ட வருது. போய் வந்த மொத்த நேரம் எனக்குத் தெரியுது. ஆனா போக எவ்வளவு, வர எவ்வளவு? சொல்லு பாக்கலாம்!"

"எனக்கெப்படிங்க தெரியும்?"

"யாருக்கும் தெரியாது! அதானே நான் இத்தனை நாளா சொல்லிட்டிருக்கேன்!"

"ஆமாங்க" என்றாள் அவள். "யாருக்கும் எதுவும் தெரியாதுதான்."

கொள்கைக்கு ஆதாரம் கிடைத்த சந்தோஷத்தில் அவர் ஃபோனை வைத்தார். உடை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பெட்டியை இழுத்துத் திறந்தார்.

மேலாக, முன்பக்கம் முழுக்கத் திறக்கிற தளர்வான சட்டைகள். தைக்கப்பட்ட நெஞ்சுக்கு மேல் கையைத் தூக்கி மாட்ட முடியாது என்பதால் ஒருபக்கக் கையைப் பிரித்து நாடா வைத்துத் தைத்திருந்தது. வலது பக்கம். அதற்குக் கீழே படுத்தபடியே குடிக்க வளைகிற குழாய்கள். இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை. வழுக்காத செருப்பு. கருத்தரங்கத்துக்குப் போடுகிற சட்டை ஒன்றுகூட இல்லை.

அளவையர் அந்தத் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் வந்தாள். "சார், உங்க துணைக்கு வந்தவங்க கீழே ஹால்ல இருக்காங்க. மேல வரச் சொல்லட்டுமா?"

"ரயில் ஓட்டுநரா?"

"ஒரு அம்மா சார். நீங்க வந்த கொஞ்ச நேரத்துலயே வந்துட்டாங்க. தூணைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்காங்க. உடம்பு சரியில்லையான்னு கேட்டேன்; கட்டடம் பிடிக்கலைன்னாங்க. இப்பதான் யார்கூடவோ ஃபோன்ல பேசிட்டு அழுதாங்க."

கீழ் ஹாலிலும் ஒரு ஒலிபெருக்கி இருக்கிறதா என்று அளவையர் கேட்டார்.

"எல்லா மாடியிலயும் இருக்கு சார். ஒரே சத்தம்தான்."

இப்போது கூப்பிடலாம். இறங்கிக்கூடப் போகலாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் நாளைக் காலை அந்தச் சக்கர நாற்காலியில் ஏறத் தம்மால் முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. அவளுக்கும் அது தெரிந்துதான் மேலே வராமல் இருக்கிறாள் என்பது சற்றுத் தாமதமாகத் தெரிந்தது. "வேண்டாம்மா. அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

காலையில் நாற்காலி வந்தபோது மறுபடி ஃபோன் செய்தார்.

"நான் பேச வேண்டிய நேரம் வந்துடுச்சு. ஃபோனை அணைச்சுடுவாங்க."

"சரிங்க."

"முடிய நேரமாகும்."

"ஆகட்டும். நான் வீட்லதானே இருக்கேன்."

"ஆமா. வீட்லதான் இருக்க."

ஒலிபெருக்கி யாரையோ கூப்பிட்டது. இரண்டு பக்கமும் கேட்டது. இரண்டு பேருமே கேட்காதது போல இருந்தார்கள்.

"தைரியமா போயிட்டு வாங்க" என்றாள்.

விழித்தபோது நெஞ்சின் வலது பக்கம் நெருப்பாக இருந்தது. விலாவிலிருந்து ஒரு குழாய் எங்கோ கீழே போனது. எதிரே இரும்பு முக்காலியில் மனைவி. படுக்கையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. பார்வையை அவர் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்தால் மருத்துவமனை தெரியும் என்பது போல.

அவர் வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க. குரல்வளை வீங்கியிருக்காம். சில நாளைக்கு ஒரு வார்த்தை கூடாதாம்."

மறுபடி திறந்தார்.

"கூடாதுன்னேன்ல. பாதியை எடுத்துட்டாங்க. சோதனைக்கு அனுப்பியிருக்காங்க. வேற எங்கயும் பரவியிருக்கா இல்லையான்னு அது வந்தாத்தான் தெரியுமாம். எனக்கு ஒண்ணும் ஒளிச்சு வெக்கத் தெரியாது, உள்ளதைச் சொல்லிட்டேன். அது வர்றப்ப ரெண்டு பேரும் சேந்தே கேட்டுக்கலாம்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு புருவத்தை உயர்த்தினார். எப்படித் தெரியும் என்று அர்த்தம்.

"பல் டாக்டர்கிட்ட யார் போய்ச் சொன்னதுன்னு நினைச்சீங்க? டாக்டர்கிட்ட வாங்கன்னு கூப்பிட்டா வருவீங்களா? கொள்கையைக் கேக்க ஆள் இருக்குன்னா ஓடுவீங்க. அந்த நெஞ்சு டாக்டர் பாவம், முதல்ல மாட்டேன்னுட்டார். அவர்கிட்ட நான் கெஞ்சின கெஞ்சல் எனக்குத்தான் தெரியும். கட்டின்னு அவரே அப்புறம் சொன்னார்; அறுவை நாளை ரயில் ஓட்டுநர் சொன்னார், துணைக்கு நானே போறேன்னு அவரை நிறுத்திட்டேன்."

புருவம் இறங்கவில்லை.

"நீங்க இருமறதை உங்க பக்கத்துலேருந்து மட்டும் கேட்டீங்க. பக்கத்துல படுத்திருக்கறவளுக்கு அது வேற மாதிரி கேக்கும். நான் தாங்க மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அதுவும் உங்க பக்கத்துலேருந்தே பாத்ததுதான். உங்க கொள்கையும் அப்படித்தான்."

கொள்கை என்றதும் அளவையரின் கண்கள் கூர்மையாயின.

"என்ன பாக்கறீங்க? ரொம்ப நாளா சொல்லாம வெச்சிருந்தேன். சொன்னா சாப்பிட மாட்டீங்கன்னு. இப்ப எப்படியும் சாப்பாடு கிடையாது. சொல்லிடறேன்."

முக்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கருவிகிட்ட நீங்க நின்னீங்க. ஒளி உங்ககிட்டேருந்து போகும்போது தயங்கும், திரும்பும்போது ஓடி வரும். சரிதானே? எதிர்முனையில யாருங்க பிரிசத்தைப் பிடிச்சிட்டு நின்னது? நான். என் கையிலயும் ஒரு விளக்கு இருந்துதுன்னு வெச்சுக்கோங்க. நான் அதை உங்க பக்கம் காட்டறேன். என்னைப் பொறுத்தவரை அது என்கிட்டேருந்து போற ஒளி. அதனால தயங்கித் தயங்கிப் போகணும். ஆனா உங்களுக்கு அந்தத் திசை, திரும்பி வர்ற திசை. அதனால ஓடி வரணும். ஒரே பாதைங்க. ஒரே திசை. அந்த ஒளி தயங்குமா, ஓடுமா?"

அளவையர் யோசித்தார். வலியை மறந்து யோசித்தார். கூரையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், சுவரைப் பார்க்க வைத்திருந்த ஜன்னலைப் பார்த்தார். பக்கம் பக்கமாக எழுதிய கணிதத்தை முதல் வரியிலிருந்து மனத்தில் புரட்டினார். அதில் எங்கேயும் எதிர்முனையில் ஒரு ஆள் இல்லை.

"சொல்லுங்க" என்றாள் அவள், அவர் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு.

பேசக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தது நல்லதாகப் போயிற்று.